நான்கு விரல் ஆழம்

டாக்டர் கேட்ட கேள்விக்கு வேதவல்லிதான் பதில் சொன்னாள். சம்பந்தம் தலையை மட்டும் ஆட்டினார். ஒரே ஒருமுறை, மேலிருந்து கீழே, கொஞ்சமாக. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷம் ஆட்டிய ஆட்டம் அது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சரி நகருங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "வீட்டுல எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது வச்சிருந்தீங்களா? தோட்டத்துக்கு ஏதாவது போட்டீங்களா?" என்பது கேள்வி. "எங்க வீட்டுலயா? இவரு கொசுவத்தி கூட ஏத்த விடமாட்டாருங்க டாக்டர். நாய் நக்கிடும்னு தரைக்குப் பினாயில் போடுறதையே நிறுத்தினவரு. அந்த விஷயத்துல ரொம்பக் கறாரு," என்பது வேதவல்லியின் பதில். சொல்லும்போது அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அழுது வீங்கிய அந்தக் கண்ணில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் தலை ஆடியது, பதிலுக்கு அல்ல என்று இப்போது அவருக்குத் தோன்றியது. ஆனால் தலைக்கு இரண்டு விதமான ஆட்டம் உண்டா என்ன? உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. கதவின் மேல்பாதியில் பால் நிறக் கண்ணாடி. அதற்குப் பின்னால் டாக்டரின் நிழல் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. தகர மேசையில் நகங்கள் உரசும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அவர்கள் நாய் போண்டா ஒன்பது வருஷமாக வீட்டு மொசைக் தரையில் நடந்த சத்தம் அவருக்குத் தெரியும். இது நடக்கிற சத்தம் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டினால் போதும். பெஞ்சிலிருந்து கதவுக்கு எட்டு அடி இருக்கும், ஒன்பது அடிகூட இராது. அவர் எழவில்லை.

அதுவாக இருக்காது. முதலில் அவர் மனம் பிடித்துக்கொண்ட சொல் அதுதான். அதுவாக இருக்காது, ஏனென்றால் நான்கு விரல் ஆழம். குருணை மருந்தை மண்ணுக்கு மேலே தூவுவது விவரம் கெட்டவர்கள் செய்வது. சம்பந்தம் நேற்று சின்னக் கரண்டியால் ரோஜாச் செடியைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் பறித்து, கையைக் கிடையாக வைத்து அளந்து, நான்கு விரல் ஆழத்தில் போட்டு, மண்ணை மூடி, அழுத்தி, பூவாளியால் தண்ணீரும் விட்டார். கையுறை போட்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்தார். குன்னூரில் மாலை நாலரை மணிக்கு மேல் காற்று பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் கவரையே பிரித்தார். வேலை முடிந்ததும் கவரின் வாயை மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னை ஷெட்டில் மேல் பலகையில், அவருக்கே எம்பித்தான் எட்டும் உயரத்தில் வைத்தார். நாய்க்கு எட்டக் கூடாது என்று! கவருக்கு அவ்வளவு உயரம், உள்ளே இருந்த மருந்துக்கு நான்கு விரல் ஆழம். இல்லை, அதுவாக இருக்காது. போன வருஷமும் வேர்ப்புழு வந்து இதே குருணையைப் போட்டார், அதற்கு முந்தின வருஷமும் போட்டார். இருபத்துநாலு தொட்டி, தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி. போண்டா திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அப்படியானால் இந்த வருஷம் மட்டும் எப்படி? இந்தக் கேள்விக்கு வந்ததும் மனம் நின்றுவிட்டது. வழியில் பாம்பைப் பார்த்த மாடு போல நின்று, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி நான்கு விரல் ஆழத்திலிருந்து ஆரம்பித்தது.

"உங்க நாய்க்கு என்னங்க?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. கட்டைப்பைக்குள் ஒரு கிழட்டுப் பூனையை வைத்து, பையின் இரண்டு காதையும் ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் இலை எடுத்த கை என்பது விரல் நுனிகளிலேயே தெரிந்தது. வேதவல்லி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள். "யாரோ மருந்து வச்சுட்டாங்கம்மா. யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டு மனுசன்தான். காலையில ஆறரைக்கு வெளிய விட்டேன், நல்லாத்தான் ஓடிச்சு. எட்டு மணிக்கு இட்லி ஊத்திக்கிட்டு இருக்கேன், வாசல்ல வந்து விழுது. வாயில நுரை. காலு இழுத்துக்கிச்சு." பூனைக்கார அம்மாள் உச்சுக் கொட்டினார். "வாயில்லாப் பிராணிக்கு மருந்து வைக்க எப்படிங்க மனசு வரும்? வச்ச கை அழுகிப் போயிடும், பாருங்க. அந்தக் கையில சோறு எடுத்துத் திங்க முடியாமப் போகும்." எதிர்ப் பெஞ்சில் ஆட்டுக் கயிற்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "அட ஏம்மா சாபம் விடறே, டாக்டர் பிழைக்க வெச்சிருவாங்க. என் ஆடு போன வாரம் தேர்தல் போஸ்டர் நாலு தின்னுச்சு, பசையோட. இன்னும் நிக்குது பாரு, தலைவர் மாதிரி." அம்மாள் விடவில்லை. "உன் ஆட்டுக்கு யாரு மருந்து வைக்கப் போறா, போஸ்டர் ஒட்டினவன் வேணும்னா வைப்பான்." வேதவல்லிகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொஞ்சம் சிரித்தாள். சம்பந்தம் தன் கைகளைப் பார்த்தார். மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தார். குருணைக்குக் கையுறை போட்டார், சரி. எலும்புத்தூளுக்குப் போடவில்லை. எலும்புத்தூள் விஷமா என்ன, உரம்தானே. வலது கை ஆள்காட்டி விரல் நகத்துக்குள் வெள்ளையாக இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

எலும்புத்தூள். அங்கேதான் மாடு நின்றது, வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் எலும்புத்தூள் ஒரு நாள், குருணை ஒரு நாள். நடுவே இரண்டு மூன்று வாரம் விடுவார். எலும்புத்தூள் போட்டால் போண்டா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும், முன்னங்காலைத் தூக்கி வைக்கும், விரட்டினால் ஓடும். அது அதனுடைய குணம், எந்த நாய்க்கும் உள்ள குணம். மண்ணுக்குள் எங்கே எலும்பு கிடக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாய்க்கு மூக்கு இருக்கிறது. நான்கு விரல் என்ன, நாற்பது விரல் ஆழம் என்றாலும் அதற்குத் தெரியும். இந்த வருஷம் முதுகு வலி. இருபத்துநாலு தொட்டிக்கு ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாலே இரண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது. ஒரே பள்ளத்தில் இரண்டையும் போட்டுவிட்டால் குனிவது பாதியாகக் குறையும் என்று ஒரு நினைப்பு. ரோஜா வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் வருகிற நினைப்புத்தான். பழைய வாளியில் எலும்புத்தூளைக் கொட்டி, அதன்மேல் குருணையைக் கொட்டி, குச்சியால் கலக்கினார். சாம்பல் நிறத் தூளில் ஊதா நிறக் குருணை கடுகு தாளித்தது போலக் கலந்தது. கலக்கும்போது போண்டா பக்கத்தில் உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயின் ஓரத்தில் எச்சில் நூலாக இறங்கியது. "உனக்கு இல்லடா குண்டா, இது ராஜாத்திகளுக்கு," என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அது ஓரடி நகர்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அவர் சொன்னால் கேட்கும். அவர் நின்றுகொண்டிருக்கும்வரை கேட்கும்.

தொட்டிகள் எப்போதும்போல இரும்பு ஸ்டாண்டில் இருந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. இடுப்பு உயர ஸ்டாண்டு. போண்டாவின் கால் நீளத்துக்கு அது மலை. போன வருஷம் தோட்டப் போட்டிக்குப் பார்வையிட வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒருவர், "பூ நல்லாருக்கு சார், ஆனா இவ்வளவு உயரத்துல இருந்தா பூவோட முகம் தெரியலையே," என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் பரிசு. முதல் பரிசு பக்கத்து வீட்டு ஞானசிகாமணிக்கு. அவர் தொட்டிகளைத் தரையில், பாதையின் இரண்டு பக்கமும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல நிறுத்தியிருந்தார். போன மாதம் சம்பந்தமும் இறக்கினார். ஒவ்வொன்றாக வயிற்றோடு அணைத்து இறக்கினார், முதுகு போனது அதனால்தான். ஆக முதுகு வலிக்குக் காரணம் தொட்டியை இறக்கியது, இரண்டையும் கலந்ததற்குக் காரணம் முதுகு வலி, எல்லாவற்றுக்கும் காரணம் பூவின் முகம். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஞானசிகாமணி. வேதவல்லி எட்டிப் பார்த்தாள். "எடுக்காதீங்க. செத்துடுச்சான்னு கேக்கத்தான் பண்றான்." அதிர்ந்து அதிர்ந்து, கையிலேயே ஓர் உயிர் துடிப்பது போலத் துடித்து, அடங்கியது.

காலையில் நடந்ததை மனம் தொட வேண்டாம் என்றுதான் பார்த்தது, ஆனாலும் தொட்டது. போண்டாவைப் பழைய கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இருவரும் வாசலுக்கு ஓடி வந்தபோது ஞானசிகாமணி ஸ்வெட்டரும் லுங்கியுமாகத் தன் கேட்டருகில் நின்றார், கையில் கார் சாவி. சத்தம் கேட்டு வந்திருப்பார். "ஏறுங்க, ஏறுங்க, நான் கொண்டு போறேன்," என்றார். வேதவல்லி நின்று, ஊர் கேட்கக் கத்தினாள். "மருந்தும் வச்சுட்டுக் காரும் குடுக்கறீங்களா? ராத்திரி குலைக்குதுன்னு எத்தனை தடவை சொன்னீங்க, இப்ப நிம்மதியா? உங்க பிரைஸ் கப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குங்க!" அந்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தப்பான விடை சொன்ன பையனை அடிக்காதவர் என்று பெயர். சாவியைக் கையில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் திரும்பி, "சார், அப்படி இல்ல சார்," என்று சம்பந்தம் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. சொல்லவில்லை. ஆட்டோவுக்காகத் திருப்பத்தில் பத்து நிமிடம் நின்றார்கள். அந்தப் பத்து நிமிடமும் கார் சாவி அவர் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. கம்பளி நனைந்து, எச்சில் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிறவரை எச்சிலும் சூடாகத்தான் இருக்கும் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. அது ஏனோ ஆறுதலாகவும் இருந்தது.

உரக்கடைக்காரர் கேட்டாரே. அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. "சார், வீட்டுல நாய் பூனை ஏதாவது?" என்று கவரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். சம்பந்தத்துக்குக் கோபம்கூட வந்தது. என்னிடமா? குடியிருப்போர் சங்க அறிவிப்புப் பலகையில் போன மார்ச்சில் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியது யார்? 'செடிகளுக்கு மருந்து தெளிப்போர் முதல் நாளே அண்டை வீட்டாருக்குத் தெரிவிக்கவும். தெளித்த இடத்தில் வளர்ப்புப் பிராணிகளை இரண்டு நாட்கள் விடாதீர்கள். பிராணிகளின் தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைக்கவும். காலைக் கழுவிய பின்பே வீட்டுக்குள் விடவும்.' கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. அதைப் படித்துவிட்டு ஞானசிகாமணி மருந்தையே விட்டார், வேப்பம்புண்ணாக்குக்கு மாறினார், "உங்க போண்டாவுக்காகத்தான்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சம்பந்தம் விடவில்லை, ஏனென்றால் அவருக்கு எப்படிப் போடுவது என்று தெரியும். தெரியாதவர்கள்தான் விட வேண்டும். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்," என்றார் உரக்கடைக்காரரிடம். இரண்டு நாள் கட்டிப் போட்டிருக்கலாம். கட்டினால் போண்டா அழும், அந்த அழுகையை அவரால் தாங்க முடியாது. நான்கு விரல் ஆழத்துக்கு எதற்குக் கட்ட வேண்டும்? ராத்திரி வீட்டுக்குள் படுத்துத் தூங்கியது. காலில் சூடாக, பருத்த வயிற்றோடு. காலையில் வேதவல்லி கதவைத் திறந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வேதவல்லியிடம் சொல்லி வைக்கவில்லை. சொன்னால், "எதுக்குங்க அந்தக் கருமத்தை, நாய் இருக்குல்ல," என்பாள். அதற்காகவே அவள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துப் போட்டார். ஆக, தெரிந்துதான் இருந்திருக்கிறது. எங்கேயோ, நான்கு விரல் ஆழத்தில், அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கதவு திறந்தது. டாக்டர் இல்லை, உதவிக்கு இருக்கும் அம்மா. கையில் பஞ்சு. "இதுக்கு முன்னாடி வலிப்பு வந்திருக்கா, டாக்டர் கேக்கறாங்க." "வந்திருக்குங்க. ரெண்டு வருஷம் முந்தி, தீபாவளி அன்னிக்கு, வெடிச் சத்தத்துல," என்றாள் வேதவல்லி. அந்த அம்மா உள்ளே திரும்பிச் சொன்னார், "வந்திருக்காம் டாக்டர்." உள்ளிருந்து டாக்டரின் குரல் தெளிவாகவே வந்தது. "அப்ப அதுவாவும் இருக்கலாம். ஆனா கண்மணி ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? வலிப்புன்னா இப்படி இருக்காதே. சரி, வலிப்பு ஊசி போட்டுட்டுப் பார்ப்போம். மருந்து எதுவும் இல்லைன்னுதானே சொன்னாங்க?" "இல்லைன்னுதான் சொன்னாங்க." கதவு சாத்திக்கொண்டது. சொன்னாங்க. யார் சொன்னாங்க? வலிப்பு என்ற சொல்லைச் சம்பந்தம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலிப்பாகவே இருக்கலாம். வலிப்பு வந்த நாய்தானே. தொட்டியை அது தோண்டியது என்று யார் பார்த்தார்கள்? அவசரத்தில் அவர் தோட்டத்துப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காததால் தோண்டாமலும் இருக்கலாம். இருபத்துநாலு தொட்டியும் அழுத்தி மூடிய மண்ணோடு அப்படியே, வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நிற்கலாம். ஆனால் வாசலில் வந்து விழுந்த நாயின் மூக்கு? மூக்கின்மேல் மண் இருந்தது. ஈர மண். நேற்று மாலை அவர் பூவாளியால் நனைத்த மண். அதை அவர் தூக்கும்போதே பார்த்தார், பார்த்ததும் என்ன செய்தார்? கட்டை விரலால் துடைத்தார். ஏன் துடைத்தார்? பாசத்தில் துடைத்ததாக அப்போது நினைத்தார். இப்போது, ஒன்பது மணி பத்து நிமிடத்தில், கிழட்டுப் பூனை பைக்குள்ளிருந்து பல்லில்லாத குரலில் ஒருமுறை கத்தியபோது, அது பாசமாக மட்டும் இருக்கவில்லை என்று தெரிந்தது. வேதவல்லி பார்ப்பதற்குள் துடைத்திருக்கிறார்.

உள்ளே நகச் சத்தம் நின்றுவிட்டது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது என்று தெரியவில்லை. அது நின்றதைக் கேட்ட பிறகுதான் அதுவரை அதையே கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. எழுந்தால் வேதவல்லி, "எங்க போறீங்க?" என்பாள். சொல்ல வேண்டும். சொன்னால் முப்பத்தெட்டு வருஷமாக அவள் அவரைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவந்தது, இவரு ரொம்பக் கறாரு, இவரு பார்த்துப் பார்த்துச் செய்வாரு, எல்லாமே ஒரு நிமிடத்தில் கலைந்துபோகும். அதற்குப் பிறகு அவள் பெருமையாகத் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது. போண்டா செத்துப்போனால் வலிப்பில் செத்தது என்று இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரன் வைத்தது என்று இருக்கும். இரண்டில் எதுவானாலும் அவர் மடியில் தலை வைத்து அவள் அழுவாள். இவ்வளவு தெளிவாக இதை நினைத்துவிட்டதுதான் அவரை எழுப்பியது. நினைப்பு எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்ததும், சாக்கடையில் கால் வைத்தவன் போல வெடுக்கென்று எழுந்தார். "எங்க போறீங்க?" என்றாள் வேதவல்லி. அவர் கதவைத் தட்டவில்லை, தள்ளினார்.

போண்டா பக்கவாட்டில் கிடந்தது. அவ்வளவு குண்டு நாய், மேசையில் ஒரு நனைந்த துணி மாதிரி கிடந்தது. வயிறு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. வாயடியில் வைத்த துண்டு சொதசொதவென்று நனைந்திருந்தது. டாக்டர் திரும்பினார். சின்ன வயதுப் பெண், மூக்குக் கண்ணாடி நழுவி இருந்தது. "நான்தாங்க போட்டேன்," என்றார் சம்பந்தம். "நேத்து சாயங்காலம். ரோஜாத் தொட்டியில குருணை மருந்து. எலும்புத்தூளோட கலந்து. மூக்குல மண்ணு இருந்துச்சு, நான் துடைச்சுட்டேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில், வாக்குமூலம் எழுதிக் கொடுப்பவர் போல வரிசையாகச் சொன்னார். டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உதவியாளரிடம் ஏதோ மருந்தின் பெயர் சொன்னார். சிறிய சீசா உடைபடும் சத்தம், ஊசி, பிறகு இன்னொரு ஊசி. "என்ன குருணை? பேர் தெரியணும். சிலதுக்கு இந்த ஊசி மட்டும் போதும், சிலதுக்கு வேற ஊசியும் சேர்க்கணும், சிலதுக்குச் சேர்க்கக் கூடாது. கவர் இருக்கா?" கவரில் இருந்தது எழுத்து எழுத்தாகத் தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் பெயர் வரவில்லை. வாயில் எலும்புத்தூள் என்ற சொல் மட்டுமே வந்தது. "வீட்டுல ஷெட்ல இருக்குங்க." "யாராவது இருக்காங்களா வீட்டுல? போன் பண்ணிக் கேளுங்க, சீக்கிரம்." வீட்டில் யாரும் இல்லை. பின்னால் உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது, அதன் படியில் வேதவல்லி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் கையைப் பார்த்ததும் தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். அவள் பார்வையில் இருந்தபடியேதான் அவர் போனை எடுத்து, கடைசியாக வந்த எண்ணை அழுத்த வேண்டியிருந்தது.

"சொல்லுங்க சம்பந்தம், போண்டா எப்படி இருக்கு?" முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் ஞானசிகாமணி. "சார். ஒரு உதவி. எங்க ஷெட்ல மேல் பலகையில ஒரு பிஸ்கட் டின் இருக்கு. அதுக்குள்ள ஒரு கவர். அதுல இருக்கற மருந்துப் பேரை டாக்டருக்குப் படிச்சுச் சொல்லணும்." இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான் சார் போட்டேன். ரோஜாவுக்கு. காலையில நான் சொல்லியிருக்கணும்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் போல இருந்தது, ஆனால் இரண்டு மூச்சுத்தான். "கதவுக்குப் பூட்டு உண்டா, கொண்டிதானா?" என்றார் ஞானசிகாமணி. பிறகு செருப்புச் சத்தம், கேட், கொண்டி, ஸ்டூலை இழுக்கும் சத்தம். "இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். பொடி எழுத்து." சம்பந்தம் போனை டாக்டரிடம் நீட்டினார். கரும்பலகையில் எழுதிச் சொல்லித் தருகிற நிதானத்தோடு, ஒவ்வோர் எழுத்தாக அந்தக் குரல் சொன்னது. ஓர் எழுத்தில் தடுமாறி, "மறுபடி சொல்றேம்மா, தப்பாயிடக் கூடாது," என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டு, "போதும் சார், ரொம்ப உதவி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த ரெண்டாவது மருந்து வேண்டாம்," என்றார் உதவியாளரிடம். "இதையே இன்னொரு தடவை போடுவோம்."

பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. டாக்டர் போண்டாவின் உதட்டைத் தூக்கி ஈறில் விரலை வைத்துப் பார்த்தார். "எச்சில் குறையுது. வாய் காயணும், காயக் காய நல்லது. பிழைச்சுடுச்சுன்னு இப்ப சொல்ல மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். ஆனா ஒன்பதே கால் வரைக்கும் இருந்ததுக்கு இப்ப தேவலை." ஒன்பதே கால் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சம்பந்தத்துக்கு அது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமாகத்தான் கேட்டது. எட்டு ஐம்பத்திரண்டிலிருந்து. இருபத்து மூன்று நிமிடம், அதில் ஒவ்வொரு நிமிடமும் இந்தச் சின்ன வயிறு இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கும். வேதவல்லி உள்ளே வந்து மேசையின் அந்தப் பக்கம் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. "யாராவது ஒருத்தர் கூட இருக்கணும்," என்றார் டாக்டர். "நான் இருக்கேன்," என்றாள் அவள். பிறகு, மேசையைப் பார்த்தபடியே, வீட்டுச் சாமான் வாங்கிவரச் சொல்லும் குரலில், "நீங்க போங்க. போய் ஞானசிகாமணி சார் வீட்டுக் கதவைத் தட்டுங்க. அப்புறம் அந்த மண்ணை எல்லாம் அள்ளிடுங்க. கையுறை போட்டுக்குங்க." டாக்டரும் சேர்ந்துகொண்டார். "வெளிய கொட்டிடாதீங்க சார், தெருநாய் தோண்டும். சாக்குல கட்டி வைங்க. வேரைச் சுத்தி இருக்கற மண்ணும் விடக் கூடாது. செடி போனாப் போகுது." சரி என்று சொல்ல வேண்டிய இடம் அது. சரி என்றுதான் சொல்ல வந்தார். இன்னும் மூன்று வாரத்தில் பார்வையிட வருவார்கள். மொட்டு எல்லாம் கடலைப் பருமன் ஆகிவிட்டன, மஞ்சள் வரிசையில் இரண்டு இதழ் பிரிய ஆரம்பித்துவிட்டன. தோண்டியது ஒன்றோ இரண்டோ தொட்டியாகத்தான் இருக்கும், மற்றவற்றை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றிவிடலாம், நாய்க்கு எட்டாது. இதெல்லாம் அவர் நினைத்தவை அல்ல, நினைப்பதற்கு முன்னாலேயே வாயில் வந்து நின்றவை. "எல்லாத் தொட்டியிலயுமா?" என்று கேட்டுவிட்டார்.

வேதவல்லி முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மெல்லக் குனிந்து, தன் உள்ளங்கையை விரித்து, போண்டாவின் காதின் மேல் வைத்து மூடிக்கொண்டாள், அது கேட்டிருக்குமோ என்று பயந்தவள் போல.